நிர்வாகிக்கும் பயிற்சி வேண்டும், நமக்கும் வேண்டும்!

(தோட்டக் கமிட்டி உறுப்பினர்களுக்கும் கிராணிமார்களுக்கும் சுங்கைப்பட்டாணியில் நடைபெற்ற ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தலைவர் அவர்களே! தோட்டக் கமிட்டித் தோழர்களே! தாய்மார்களே! எங்களைப் போல் பேனா பிடித்துப் பிழைக்கும் கிராணி நண்பர்களே! 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சம்பள விஷயம் அன்று. போனஸ் விஷயமும் அன்று. “சங்கக் கூட்டத்தில் ஆஸ்பத்திரிப் பேச்சு எதற்கு?” என்று யாரும் எண்ண வேண்டாம். கூலி உயர்ந்தாலும் உடம்பு நிற்காவிட்டால், உயர்ந்த கூலி யாருக்குப் பயன்? விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிற தொழிலாளிக்கு உடம்பே மூலதனம். அந்த மூலதனத்தைக் காக்கும் பொறுப்பு பலர் கையில் இருக்கிறது. தோட்ட நிர்வாகி, டிரெஸ்ஸர், ஆயாக் கொட்டகையைக் கவனிப்பவர், பட்டணத்துக் கிளினிக்கின் தலைமை அதிகாரி, முதியோர் இல்லம் நடத்துபவர், சமூக நல இலாகா அதிகாரி ஆகிய இவர்கள் எல்லாரும் நம்மைப் பற்றித் தினமும் ஏதாவது ஒரு முடிவு செய்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

நாங்கள் சொல்ல வந்தது இதுதான். பிறர் நலத்தை நடத்துகிறவர்கள் ஆதாரத்தைத் தேடி, எண்ணிப் பார்த்து, அதன்பின் முடிவு செய்யப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் பதவியோடு கூடவே வருவதில்லை, பயிற்சியால் வருவது. அந்தப் பயிற்சி நிர்வாகிக்கு மட்டும் போதாது. சங்கத்துக்காரர்களாகிய நமக்கும் வேண்டும். நமக்கும் வேண்டும் என்று ஏன் சொல்கிறோம் என்பதை எங்கள் அனுபவத்திலிருந்தே சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் அடித்த கடிதம்

சில ஆண்டுகளுக்கு முன் கெடாவில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். ஒரு டிவிஷனில் பெரட்டுக்கு வராதவர் தொகை மாதாமாதம் ஏறிக்கொண்டே போயிற்று. நிர்வாகி கூப்பிட்டுக் கேட்டார். அவருடைய அபிப்பிராயம் என்னவென்றால், “சம்பளம் கைக்கு வந்ததும் சோம்பல் வருகிறது. திங்கட்கிழமைக் காய்ச்சல் இது” என்பது. நம் கமிட்டியின் அபிப்பிராயமோ, “டிஸ்பென்சரியில் நல்ல மருந்து இல்லை, அதனால்தான் நோய் தீரவில்லை” என்பது. இரு தரப்பும் மேஜையைத் தட்டிப் பேசின. ஒரு தரப்பிடமும் கணக்கு இல்லை.

முடிவு என்னவாயிற்று? ஏழு பெண்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. அந்தக் கடிதங்களை அடித்தவை எங்கள் விரல்கள்தாம். கிராணியின் வேலை அது, சொன்னதை அடித்தோம். அந்த எழுவரில் ஒரு தாய், தனி ஆளாகப் பிள்ளையை வளர்த்தவர். இரண்டாவது கடிதம் கைக்கு வந்ததும் அவர் தோட்டத்தை விட்டே போய்விட்டார்.

அதன்பின்தான் எங்களுக்கு உறைத்தது. ஆஸ்பத்திரிப் புத்தகம் டிரெஸ்ஸர் ஐயாவிடம் இருக்கிறது. செக்ரோல் நம் அலமாரியிலேயே இருக்கிறது. யார், எந்த நாள், எத்தனை நாள் வரவில்லை என்பதெல்லாம் நம் கையெழுத்திலேயே கிடக்கின்றன. அதை ஏன் ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை? இரண்டு கிராணிகள், டிரெஸ்ஸர் ஐயா, கமிட்டிச் செயலாளர் ஆகிய நால்வரும் உட்கார்ந்து மூன்று மாதக் கணக்கைக் கட்டம் போட்டு எழுதினோம்.

முதலில் கண்டது: திங்கட்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் வித்தியாசமே இல்லை. சம்பள நாளுக்கு அடுத்த நாளிலும் விசேஷமாக ஒன்றும் இல்லை. ஆக, நிர்வாகியின் ஊகம் விழுந்தது. நாங்கள் மகிழ்ந்தோம்.

அடுத்துக் கண்டது: வராதவர்களில் பலர் கீழ் லயத்துக்காரர்கள். உடனே நாங்கள், “கீழ் லயத்துத் தண்ணீர்த் தொட்டிதான் காரணம்” என்று தீர்ப்பு எழுதிவிட்டோம். நிர்வாகத்தோடு வாதாடித் தொட்டியைக் கழுவச் செய்தோம். இரண்டு வாரம் பார்த்தோம். ஒரு மாற்றமும் இல்லை. நம் ஊகமும் விழுந்தது. நிர்வாகி சிரித்தார். சிரிக்கட்டும், நியாயந்தானே!

மறுபடி உட்கார்ந்தோம். வராதவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் இரண்டு பங்கு இருந்தார்கள். கீழ் லயத்திலோ சிறு பிள்ளைக்காரர்கள் அதிகம். ஆயாக் கொட்டகை வருகைப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். தாய் வராத நாளும் பிள்ளை வராத நாளும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. நோய் தாய்க்கு அன்று, பிள்ளைக்கு! பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, தாய் வீட்டில் நின்றாள், செக்ரோல் அவளைச் சோம்பேறி என்று எழுதியது.

அப்போதுதான் ஆயாவைப் போய்க் கேட்டோம். அதுவரையில் அந்த அம்மாளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் சொன்னார்: “முன்பெல்லாம் மாதம் இரண்டு கேஸ் சிலிண்டர் வந்தது ஐயா. செலவு கூடுகிறது என்று ஒன்றாக்கி விட்டார்கள். இருக்கிற கேஸில் கஞ்சி காய்ச்சத்தான் முடிகிறது. தண்ணீரைக் காய்ச்ச முடியவில்லை. குழாய்த் தண்ணீரைத்தான் கொடுக்கிறேன்.”

மறுபடி இரண்டாவது சிலிண்டர் வந்தது. அடுத்த மாதமே பிள்ளைகளின் பேதி குறைந்தது. தாய்மார் பெரட்டுக்கு வந்தார்கள். சிலிண்டர் ஒன்றே காரணம் என்று உடனே அடித்துச் சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. அந்த மாதம் மழையும் குறைந்திருந்தது. ஆனால் மழை திரும்பி வந்தபோது பேதி திரும்பி வரவில்லை. அதன்பின்தான் நம்பினோம்.

தோழர்களே! ஒரு சிலிண்டரின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் எத்தனை நாள் வேலை போயிற்று, எத்தனை பிள்ளைகள் வாடின என்று எண்ணிப் பாருங்கள். நிர்வாகி கெட்ட மனிதர் அல்லர். அவருக்குப் பால் எடை பார்க்கக் கற்றுக் கொடுத்தார்கள். மரத்தின் பட்டையைப் பார்க்கக் கற்றுக் கொடுத்தார்கள். மனிதர் நலத்தைக் கணக்கெடுத்துப் பார்க்க ஒருவரும் கற்றுக் கொடுக்கவில்லை. நமக்கும் கற்றுக் கொடுக்கவில்லை.

புழுங்கல் அரிசி சொன்ன பாடம்

இப்படி எண்ணிப் பார்க்கும் வழி நம் நாட்டுக்குப் புதிதா? இல்லவே இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் நடந்த காரியம் இது. அதில் நம்மவர் சோற்றுப் பானைக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்தக் காலத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் மரத்து, வீங்கி, இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்களுக்கு அதிகம் வந்தது. தமிழர்களுக்கு அரிதாகவே வந்தது. “இது தொற்று, இடத்தைப் பிடித்த விஷம்” என்று பல வைத்தியர்கள் சொல்லி வந்தார்கள். நெகிரி செம்பிலானில் இருந்த டாக்டர் பிராடன், சாப்பிடும் அரிசியைக் கவனித்தார். சுரங்கத்தார் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. பச்சரிசியிலேதான் கோளாறு என்றார் அவர். பலர் ஒப்பவில்லை.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் பிளெட்சர் 1905ஆம் ஆண்டின் கடைசியில் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்து, ஒற்றைப்படை எண்காரர்களுக்குப் பச்சரிசி, இரட்டைப்படை எண்காரர்களுக்குப் புழுங்கல் அரிசி என்று பிரித்தார். மற்ற உணவெல்லாம் ஒன்றே. ஓராண்டு பார்த்தார். பக்கத்துக்குச் சுமார் 120 பேர். பச்சரிசிப் பக்கத்தில் பெரிபெரியால் 18 பேர் மாண்டார்கள். புழுங்கல் அரிசிப் பக்கத்தில் ஒருவர்கூட மாளவில்லை. இந்த முடிவு 1907இல் லண்டன் மருத்துவப் பத்திரிகை லான்செட்டில் வெளிவந்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்பதும், அதற்கு பி1 வைட்டமின் என்று பெயர் என்பதும் பிற்பாடு தெரியவந்த விஷயங்கள்.

நம் பாட்டிமார் புழுக்கி ஆக்கிய சோற்றின் பெருமையைக் கேட்க நமக்கு இனிக்கிறது. ஆனால் அந்த 18 பேரையும் நாம் மறக்கக்கூடாது. அவர்களை யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. இன்று அப்படிச் சோதிக்க எந்தச் சட்டமும் நியாயமும் இடம் கொடாது. ஆதாரம் வேண்டும் என்று கேட்கும் நாமே, அந்த ஆதாரம் யாருடைய உடம்பிலிருந்து, யாருடைய சம்மதத்தோடு எடுக்கப்படுகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

சமவெளி மருந்து மலைக்கு ஆகவில்லை

இன்னொரு பாடம் மலேரியாவைப் பற்றியது. 1901இல் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானுக்கு வந்தார். ஊரே காய்ச்சலில் கிடந்தது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் 1897இல் கண்டுபிடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் ஊரைச் சுற்றியிருந்த காட்டையும் சதுப்பையும் வெட்டி, வாய்க்கால் போட்டு, தண்ணீரை வடித்தார். காய்ச்சல் விழுந்தது. தோட்டங்களிலும் அதையே செய்தார்கள். சமவெளித் தோட்டங்கள் பிழைத்தன.

அதே வேலையை மலைத் தோட்டங்களிலும் செய்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? காய்ச்சல் குறையவில்லை, கூடிற்று! காரணம், மலைக் கொசு வேறு சாதி. சமவெளிக் கொசு நிழல் படர்ந்த சதுப்பில் முட்டையிடும். மலைக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடையில் முட்டையிடும். ஓடைமேல் இருந்த காட்டை வெட்டியதும் வெயில் உள்ளே விழுந்தது, கொசுவுக்குக் கொண்டாட்டமாயிற்று. வாட்சன் தம் பழைய வெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. நோயாளிகளை எண்ணினார், பிள்ளைகளின் மண்ணீரல் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துக் கணக்கெடுத்தார், மலைக்கு வேறு வழி தேடினார். ஓடைத் தண்ணீரைப் பூமிக்கடியில் குழாய் வழியே விட்டார். பிறகு எண்ணெய் தெளித்தார்.

கூலிம் பக்கமும் பாலிங் பக்கமும் மேட்டு நிலத்தில் வேலை செய்கிற தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். கிள்ளானில் நல்லது செய்த வேலை மலையில் கெடுதல் செய்தது. ஆகவே, “அந்தத் தோட்டத்தில் இப்படிச் செய்தார்கள், இங்கும் செய்” என்று ஒரு நிர்வாகியோ ஒரு கமிட்டியோ சொன்னால், “இங்கே எண்ணிப் பார்த்தீர்களா?” என்று கேட்பது முறை.

தாய்மார் மரணத்தை எண்ணிய நாடு

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். சுதந்திர நாட்டிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. 1950களில் உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு நம் கெடாவிலேயே, ஜித்ராவில், கிராம சுகாதாரப் பயிற்சி நிலையம் எழுந்தது. கிராமங்களுக்குப் போகும் மருத்துவச்சிகளும் தாதிமார்களும் பயிற்சி பெற்றுச் சென்றார்கள். 1950களில் லட்சம் பிரசவத்துக்கு நூற்றுக்கணக்கான தாய்மார் இறந்த நாட்டில், 1990களில் அந்தத் தொகை ஐம்பதுக்கும் கீழே வந்தது. இந்த வரலாற்றை டாக்டர் இந்திரா பத்மநாதனும் உடன் ஆய்வாளர்களும் இலங்கையின் வரலாற்றோடு சேர்த்து ஆராய்ந்து, 2003இல் உலக வங்கி வழியாக நூலாக வெளியிட்டார்கள்.

1991ஆம் ஆண்டு முதல் சுகாதார அமைச்சு ஒரு நல்ல வழக்கத்தைத் தொடங்கியது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், பெயரை மறைத்து, எங்கே எது தவறிற்று என்று படிப்படியாக விசாரிப்பது. யாரைத் தண்டிப்பது என்பதற்காக அன்று. அடுத்த தாய் பிழைக்க எதை மாற்றுவது என்பதற்காக. பெயரைக் கேட்டுத் தண்டித்தால் உண்மை வெளியே வராது. பெயரை மறைத்தால் உண்மை வரும். நம் தோட்டத்து விபத்து விசாரணைக்கும் இந்த முறை வேண்டாமா?

கணக்கும் பொய் சொல்லும்

ஒரு தோழர் சந்தேகம் கேட்கக்கூடும்: “கணக்கு, கணக்கு என்கிறீர்களே! கணக்கை வைத்துத்தானே நம்மை இதுவரை அடித்தார்கள்?” மெய்தான். செக்ரோலே அதற்குச் சாட்சி. கணக்கு தானாகப் பேசாது. யார் கேட்கிறார்களோ அவர்களுக்குத் தகுந்தபடி பதில் சொல்லும்.

இன்னொன்று. விபத்துப் புத்தகத்தில் பூஜ்யம் என்று இருந்தால் விபத்து இல்லை என்று அர்த்தமா? இன்று நம் தோட்டங்களில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் நம்மோடு வேலை செய்கிறார்கள். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் பெர்க்கேசோவின் வேலை விபத்துக் காப்புறுதி உண்டு. ஆனால் பெர்மிட் போய்விடுமோ என்று பயந்து, வெட்டுக் காயத்தைத் துணியால் கட்டிக்கொண்டு வேலைக்கு வருகிறவன் பெயர் புத்தகத்தில் ஏறுமா? ஏறாது. வாய் திறக்கப் பயப்படுகிறவர்கள் உள்ள இடத்தில் வெறும் கணக்கை நம்பினால் ஏமாந்து போவோம். புத்தகத்தையும் பார்க்க வேண்டும். ஆயாவைப் போல் கேட்கப்படாமல் நிற்பவர்களையும் கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ருசு.

நீரிழிவையும் பாருங்கள். 2019இல் நாடு தழுவி நடந்த சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு, நீரிழிவு என்று தெரியவந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அதிகம். அவர்களில் பலருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. இதற்கு நம் பக்கத்தில் என்ன செய்கிறோம்? திருவிழாவன்று கூடாரம் போட்டு, விரலில் குத்தி, படம் எடுத்துக்கொண்டு கலைந்து போகிறோம். சர்க்கரை அதிகம் என்று கண்டவர்களில் எத்தனை பேர் பிறகு கிளினிக்குக்குப் போனார்கள்? மருந்து எடுக்கிறார்களா? எண்ணினோமா? எண்ணவில்லை. நல்ல மனம் இருந்தது, கணக்கு இல்லை. முகாம் நடத்திய நம்மையே நாம் இந்தக் கேள்வி கேட்க வேண்டும்.

பயிற்சியில் என்ன வேண்டும்?

தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965இலேயே சட்டம் வந்தது. வீடு, தண்ணீர், ஆயாக் கொட்டகை, மருத்துவ வசதி ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கும் சட்டம் 1990இல் வந்தது. சட்டம் இருக்கிறது; அதை நடத்துகிற தலைமைக்குப் பயிற்சி வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தரத்தை அளந்து பார்க்கும் திட்டம் 1985 முதல் இருக்கிறது. சுகாதார நிர்வாகத்தைக் கற்பிக்கவும் ஆராயவும் அமைச்சின்கீழ் ஒரு தனிக் கழகமே இருக்கிறது. நம் பக்கத்தில் செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவர்களிடம் நாம் கேட்கலாம்: பெரிய ஆஸ்பத்திரித் தலைவர்களுக்குக் கற்பிப்பதை, தோட்ட நிர்வாகிக்கும் டிரெஸ்ஸருக்கும் ஆயாவுக்கும் முதியோர் இல்லம் நடத்துபவருக்கும் சங்கச் செயலாளருக்கும் எளிய மொழியில் கற்பியுங்கள் என்று. எல்லாரும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து கற்பது இன்னும் நல்லது.

பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஐந்து கேள்விகளைக் கேட்கப் பழகினால் முதல் வகுப்பு முடிந்தது என்போம்.

ஒன்று: நீ சொல்வது பார்த்ததா, கேள்விப்பட்டதா, ஊகித்ததா?
இரண்டு: எத்தனை பேரில் எத்தனை பேர்? முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு?
மூன்று: வேறு காரணம் இருக்குமா? மழையா, மாதமா, லயமா?
நான்கு: இதில் அடிபடுகிறவரை, வேலை செய்கிறவரைக் கேட்டாயா?
ஐந்து: மாற்றிய பிறகு மறுபடி எண்ணினாயா? தவறு என்று கண்டால் ஒப்புக்கொள்ளத் தயாரா?

ஐந்தாவதுதான் கடினம். தொட்டி விஷயத்தில் நாங்கள் தவறிய அன்று, அதை ஒப்புக்கொள்ள எங்களுக்கு நாக்கு எழவில்லை. ஒப்புக்கொண்ட பிறகுதான் நிர்வாகியும் தம் புத்தகத்தைத் திறந்து காட்டினார்.

கிராணி நண்பர்களே! கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. எழுதுகிற கை நம்முடையது. நாம் எழுதுகிற ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார். மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம், செக்ரோலையும் ஆஸ்பத்திரிப் புத்தகத்தையும் ஆயாக் கொட்டகைப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர்களை மறைத்து, எண்களைக் கமிட்டியின் முன்னும் நிர்வாகியின் முன்னும் வையுங்கள். பால்வெட்டும் தோழர்களே, எண்ணுகிறவர்களிடம் உண்மையை மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னவரைக் காட்டிக் கொடுக்காமல் காப்பது சங்கத்தின் கடமை.

தோட்டத்தை விட்டுப் போன அந்தத் தாயை நாங்கள் பிறகு தேடினோம். பட்டணத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்று தெரிந்து, நேரில் போய் நடந்ததைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். “அன்றைக்கே யாராவது என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, தம்பி” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு எழுதிய கடிதத்தின் நகல் இன்றும் கோப்பில் இருக்கிறது. இனி அப்படி ஒரு கடிதம் அடிக்கச் சொன்னால், “கணக்கைப் பார்த்துவிட்டு அடிக்கிறோம் ஐயா” என்று சொல்லும் துணிவு ஒவ்வொரு கிராணிக்கும் வர வேண்டும். அப்படிச் சொல்கிற கிராணியின் பின்னால் சங்கம் நிற்க வேண்டும்.

 தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!